கடை போய், பெயர் வந்த கதை

2015 மே மாதம் அமெரிக்காவின் டெலவேர் திவால் நீதிமன்றம் ஒரு விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. விலை 2.62 கோடி டாலர். விற்கப்பட்டதில் கட்டடம் இல்லை, சரக்கு இல்லை, ஆட்கள் இல்லை. ஒரு பெயர் இருந்தது, கூடவே வாடிக்கையாளர்களின் விவரப் பட்டியல். பெயர், ரேடியோ ஷேக்.

அந்தப் பட்டியல் சேர்ந்த கதையே தனி. ரேடியோ ஷேக் கடைக்குப் போய் ஒரு ஜோடி பேட்டரி வாங்கினால்கூட கல்லாவில் இருப்பவர் பெயரும் முகவரியும் கேட்பார். கேட்டலாக் அனுப்பத்தான். பல வருஷம் இப்படிக் கேட்டு, அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டலுக்கு ஆளாகி, 2002-ல்தான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். "உங்கள் முகவரியை யாருக்கும் விற்க மாட்டோம்" என்று கடையிலேயே உறுதி கொடுத்திருந்தார்கள். கம்பெனி திவாலானதும் அந்த முகவரிகள் ஏலத்துக்கு வந்தன. டெக்சஸ் உட்பட சில மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் எதிர்த்து நின்றதால் பட்டியலைப் பெருமளவு வெட்டிக் குறைத்துத்தான் கைமாற்ற முடிந்தது.

ஒரு கடை செத்த பிறகும் விலைபோவது எது என்று இதிலிருந்து தெரியும். கடையை நம்பி வந்தவர்களின் விவரமும், அவர்கள் எதைப் பார்த்து நம்பினார்களோ அந்தப் பெயர்ப் பலகையும். இந்தக் கட்டுரை அந்தப் பெயர்ப் பலகை அடுத்த எட்டு வருஷத்தில் யார் யார் கைக்குப் போனது என்பதைப் பற்றியது. அமெரிக்கக் கடைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோணலாம். காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கியிருக்கும் யாருக்கும் சம்பந்தம் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இழுப்பறைகளின் காலம்

கப்பலில் மேல்தளத்தில் வயர்லெஸ் கருவிகள் வைத்திருக்கும் சின்ன அறைக்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ரேடியோ ஷேக் என்று பெயர். 1921-ல் பாஸ்டன் நகரில் தியோடர், மில்டன் டாய்ச்மன் என்ற சகோதரர்கள் கடை திறந்தபோது அதையே பெயராக வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் கப்பல் வானொலிக்காரர்களும் ஹாம் ரேடியோ பைத்தியங்களும்தான். தானே கம்பி சுற்றி, தானே பற்றவைத்து, தூரதேசத்துக் குரலைப் பிடிக்கிற ஆட்கள்.

1960-களின் தொடக்கத்தில் கடை மூழ்கும் நிலைக்கு வந்தது. தபால் வழியாகக் கடனுக்குச் சரக்கு அனுப்பி, வசூலாகாமல் மாட்டிக்கொண்டார்கள். கைவசம் இருந்தது ஒன்பது கடைகள். 1963-ல் அதை வாங்கியவர் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த சார்லஸ் டேண்டி. செலவு சுமார் 3 லட்சம் டாலர். டேண்டிக்கு ரேடியோ பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, வியாபாரம் தெரியும். கடனை நிறுத்தினார். தேங்கிய சரக்கைக் கழித்தார். லாபம் அதிகம் நிற்கும் சொந்தப் பிராண்டுகளைக் கொண்டுவந்தார். பெரிய கடைக்குப் பதில் ஊர் ஊராகச் சின்னச் சின்னக் கடைகளைத் திறந்தார். மாதம் ஒரு பேட்டரி இலவசம் என்று ஒரு அட்டை கொடுத்தார். வந்தவன் பேட்டரியோடு மட்டும் போக மாட்டான் என்பது அவர் கணக்கு. தப்பவில்லை.

ஒருவகையில் ரேடியோ ஷேக்கின் முதல் மறுவருகை இதுதான். பிற்பாடு நடந்தவற்றோடு ஒப்பிடும்போது இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டேண்டி பெயரை மட்டும் வாங்கவில்லை. கடையை வாங்கினார்; நடத்தினார்.

1977 ஆகஸ்டில் வந்தது டி.ஆர்.எஸ்-80 கணினி. மானிட்டர், கேசட் ரெக்கார்டரோடு 599.95 டாலர். விற்குமா என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம். 3,500 செய்வோம், விற்காவிட்டால் கடைக்கு ஒன்றாக வைத்து சரக்குக் கணக்கு எழுதிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். முதல் ஒன்றரை மாதத்தில் 10,000-க்கு மேல் விற்றது. ஆப்பிள் 2 கணினியும் அதே வருஷம்தான் வந்தது. ஆனால் ஒரு சிறு நகரத்துப் பையன் நடந்து போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது ரேடியோ ஷேக்கின் கணினிதான். என் தொழிலில் மூத்த தலைமுறை அமெரிக்கர்கள் பலர் முதன்முதலில் நிரல் எழுதியது அந்தக் கடைகளில், விற்பனைக்கு வைத்திருந்த கணினியில், கடைக்காரர் துரத்தாமல் விட்ட அந்த ஒரு மணி நேரத்தில்.

துரத்தாமல் விட்டது கருணையா, வியாபாரமா? இரண்டும்தான். கடையின் பின்பக்கம் இழுப்பறைகள் இருந்தன. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ஃபியூஸ், இணைப்பான்கள். ஒவ்வொன்றும் சில சென்ட் விலை. அதை விற்று வாடகை கட்ட முடியாது. ஆனால் அந்த இழுப்பறைகளைத் தேடி வந்தவன்தான் ஊரில் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவன். "ஸ்பீக்கர் வாங்கணும், எங்க வாங்கலாம்?" என்று மாமாவும் சித்தியும் அவனைத்தான் கேட்பார்கள். இழுப்பறையில் போன காசு வேறு வழியில் வந்தது.

கணக்கு மாறிய விதம்

1990-களில் செல்போன் வந்தது. ஒரு போனை விற்று இணைப்புக் கொடுத்தால் தொலைபேசிக் கம்பெனி கமிஷன் தரும். ஒரு ரெசிஸ்டருக்காக ஐந்து நிமிஷம் பேசுவதா, அதே நேரத்தில் ஒரு இணைப்பு விற்பதா? எக்செல் தாளில் போட்டுப் பார்த்தால் பதில் சுலபம். இழுப்பறைகள் சுருங்கின, கடையின் மூலைக்கு நகர்ந்தன. விவரம் தெரிந்த ஊழியர்களுக்குப் பதில் திட்டம் விற்கத் தெரிந்த ஊழியர்கள் வந்தார்கள்.

இதில் தனியாக எவரையும் வில்லனாக்க முடியாது. கருவிகளும் மாறிக்கொண்டிருந்தன. கையால் கழற்றி மாட்டும் பாகங்கள் போய், பலகையின் மேல் அரிசிக் குருணை மாதிரி ஒட்டப்படும் பாகங்கள் வந்தன. ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்றானது. ஆனால் நிர்வாகமும் தன் பங்குக்குச் செய்தது. 2006 பிப்ரவரியில் தலைமை அதிகாரி டேவிட் எட்மண்ட்சன், தன் தகவல் குறிப்பில் எழுதியிருந்த பட்டங்கள் உண்மையல்ல என்று அம்பலமாகிப் பதவி விலகினார். அதே ஆகஸ்டில் தலைமையகத்தில் சுமார் 400 பேரை மின்னஞ்சல் அனுப்பி வேலையைவிட்டு நீக்கினார்கள்.

விசித்திரம் என்னவென்றால், இழுப்பறைகளை மூட்டை கட்டிய பிறகு அவற்றுக்கான காலம் திரும்பி வந்தது. 2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ பிறந்தது. 2012-ல் ராஸ்பெரி பை வந்தது. புதிய தலைமுறை ஒன்று பிரெட்போர்டும் சென்சாரும் தேடி அலைந்தது. ரேடியோ ஷேக் 2011-ல் விழித்து, ஆர்டுயினோவை அலமாரியில் வைத்தது. அதற்குள் அந்தத் தலைமுறை இணையத்தில் வாங்கப் பழகிவிட்டது. செல்போன் கமிஷனும் போட்டியில் கரைந்துபோனது. இரண்டு பக்கமும் போயிற்று.

2015 பிப்ரவரி 5 அன்று திவால் மனு. அப்போது அமெரிக்காவில் 4,000-க்கு மேல் கடைகள் இருந்தன. ஜெனரல் வயர்லெஸ் என்ற புதிய நிறுவனம் 1,700-க்கு மேற்பட்ட கடைகளை எடுத்து, அவற்றில் பலவற்றை ஸ்பிரிண்ட் என்ற தொலைபேசிக் கம்பெனியோடு இடத்தைப் பங்கு போட்டு நடத்தியது. நோயைக் கொடுத்த மருந்தையே இன்னொரு டோஸ் கொடுப்பது போல, மறுபடியும் செல்போன். 2017 மார்ச்சில் இரண்டாவது திவால். கம்பெனிக் கடைகளில் ஏறக்குறைய எல்லாம் மூடின. சிறு நகரங்களில் தனி முதலாளிகள் டீலர்களாக நடத்திய சில நூறு கடைகள் மட்டும் விடாமல் ஓடின.

பெயரை வாங்கியவர்கள்

2020 நவம்பரில் பெயர் மறுபடி கைமாறியது. வாங்கியது ரீடெய்ல் ஈகாமர்ஸ் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம். நடத்தியவர்கள் டாய் லோபஸ், அலெக்ஸ் மேர். யூடியூபில் பணக்காரன் ஆவது எப்படி என்று விளம்பரம் செய்து பிரபலமானவர் லோபஸ். செத்த கடைகளின் பெயர்களை மலிவாக வாங்கி இணையக் கடையாக்குவதுதான் இவர்கள் தொழில். பியர் 1, டிரெஸ்பார்ன், ஸ்டெய்ன் மார்ட் என்று பட்டியல் நீளம்.

2021 டிசம்பரில் ரேடியோ ஷேக் என்ற பெயரில் கிரிப்டோ நாணயப் பரிமாற்றத் தளம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. மூத்த தலைமுறை கிரிப்டோவை நம்பத் தயங்குகிறது. அவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும், நம்புவார்கள். அதாவது, பல பத்து வருஷம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்கள் சேர்த்த நம்பிக்கையை, அவர்கள் கேள்விப்படாத ஒரு சரக்கை விற்கப் பயன்படுத்துவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 2022-ல் அதன் ட்விட்டர் கணக்கு ஆபாசப் பகடிகள் போட்டு ஆட்களைச் சேர்த்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் லோபஸ், மேர் மீது வழக்குத் தொடுத்தது. சுமார் 11.2 கோடி டாலர் திரட்டி, புது முதலீட்டாளரின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு அல்ல, குற்றச்சாட்டு. ஆனால் கதை போன திசை புரியும்.

மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமான கதை. 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஒரு சின்ன நிரல்தொகுப்பு இருந்தது. வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை தரவிறக்கப்பட்டது. எழுதியவர் அதைப் பயன்படுத்துவதை எப்போதோ விட்டுவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சம்பளமில்லாத வேலையை ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று இவரும் கொடுத்துவிட்டார். வந்தவர் சில வாரங்களில் அதற்குள் பிட்காயின் திருடும் நிரலைச் செருகினார். தொகுப்பின் பெயர் அதேதான். பதிப்பு எண் ஒன்று கூடியது, அவ்வளவுதான். உலகம் முழுக்கக் கணினிகள் தானாகவே அதை இறக்கிக்கொண்டன.

நம்பிக்கை ஒட்டிக்கொள்வது பெயரோடு. அது உருவாவதோ ஆட்களால். ஆள் போன பிறகும் பெயரில் நம்பிக்கை கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு இருப்பது போல. அந்த மிச்சச் சூட்டில் ஒரு தோசை வார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் பெயரை ஏலம் எடுக்கிறார்கள்.

2023 மே மாதம் பெயர் இன்னொரு முறை கைமாறியது. இந்த முறை வாங்கியது மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரைச் சேர்ந்த யூனிகோமர் குழுமம். அவர்கள் புதியவர்கள் அல்ல. பல வருஷமாக மத்திய அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் ரேடியோ ஷேக் உரிமம் பெற்றுக் கடை நடத்தியவர்கள். டெக்சஸில் தலைமையகம் இரண்டு முறை திவாலாகி, பெயர் கிரிப்டோவுக்குப் போய், ட்விட்டரில் நாறிக்கொண்டிருந்த காலத்திலும் அங்கே ஷட்டர் திறந்துகொண்டுதான் இருந்தது. விழுது ஊன்றி நின்றதால் ஆலமரத்தின் பெயர் அதற்கே போயிற்று. மறுவருகை என்று சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். அது திரும்பி வரவே இல்லை என்பதால். அங்கே போகாமலேயே இருந்தது.

வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

நம் பக்கத்தில் இதே மாதிரி என்ன இருக்கிறது? கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டினால் பாலக்காடு. அங்கேதான் 1963-ல் பி.பி.எல். தொடங்கியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கொங்குப் பகுதியில் கலர் டிவி வாங்குவது என்றால் சொல்லப்படும் முதல் சில பெயர்களில் அது ஒன்று. பிறகு கொரிய நிறுவனங்கள் வந்தன, பி.பி.எல். டிவி வீட்டுக்கூடங்களிலிருந்து மெல்ல மறைந்தது. இப்போது ரிலையன்ஸ் ரீடெய்ல் உரிமம் பெற்று அந்தப் பெயரில் சாதனங்கள் விற்கிறது. கெல்வினேட்டர் பெயரையும் 2025-ல் அதே நிறுவனம் வாங்கியது. பழைய பெயரைப் பார்த்ததும் அப்பா ஒரு நிமிஷம் நிற்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் விலை.

கடைச் சங்கிலி என்று பார்த்தால் சுபிக்‌ஷா ஞாபகம் வரும். 1997-ல் சென்னை திருவான்மியூரில் தொடங்கி, மளிகை, மருந்து, செல்போன் என்று விரிந்து சுமார் 1,600 கடைகளாகி, 2009-ல் கையில் ரொக்கம் இல்லாமல் மொத்தமாக நின்றது. திரும்பவில்லை. ஒருநாள் பால் பாக்கெட் வாங்கிய கடை மறுநாள் பூட்டியிருந்ததைத் தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அதில் ஏக்கம் கொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. விலை குறைவுக்காகப் போன கடை. விலை இன்னொரு இடத்தில் கிடைத்தது, போய்விட்டோம்.

ரேடியோ ஷேக்குக்கு மட்டும் ஏன் இத்தனை ஏக்கம்? அங்கே வாங்கியது சாமான் மட்டும் இல்லை என்பதால்.

காந்திபுரத்துக்கு வருவோம். ஈரோடு, கோபி, சத்தி, திருப்பூர் பஸ்கள் எல்லாம் ஆட்களைக் கொட்டும் இடம். கிராஸ்கட் ரோட்டின் ஜவுளிக் கடைகளுக்கும் நூறடி ரோட்டின் நகைக் கடைகளுக்கும் நடுவில், குறுக்குத் தெருக்களில், மாடிப்படிக்குக் கீழே, எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் படித்த யாரும் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஒருமுறையாவது இங்கே வந்திருப்பார்கள். நானும் வந்தேன். காகிதத்தில் எழுதிய பட்டியலை நீட்டினால் கடைக்காரர் மேலிருந்து கீழே படிப்பார். "ஏந்தம்பி, ரிலே எழுதியிருக்கீங்க, டிரைவ் பண்றதுக்கு டிரான்சிஸ்டர் எழுதலீங்களே, மைக்ரோ கன்ட்ரோலர்ல நேரா குடுக்கப் போறீங்களா?" என்பார். அந்த ஒரு கேள்வியில் ஒரு செமஸ்டர் பாடம் இருக்கும். சாமானின் மொத்த விலை இருநூறு ரூபாய் வராது.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. ஜி.டி. நாயுடு 1941-லேயே 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்துதர முடியும் என்று அறிவித்தவர். பஸ் கம்பெனி நடத்தியவருக்கு ரேடியோவில் என்ன வேலை என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் செய்துவிடலாம் என்கிற நினைப்பு இந்த ஊரின் பழக்கம். பம்ப்செட், கிரைண்டர், நூற்பாலை எந்திரம் எல்லாமே அப்படி வந்தவைதான். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பெயரை வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர் வழியில் வந்ததாக நான் நினைப்பது, மேம்பாலத்தைவிட, அந்த மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடையை.

அவை எப்படிப் பிழைக்கின்றன? புராஜெக்ட் மாணவர்களால் மட்டும் இல்லை. மாணவர் கூட்டம் வருஷத்தில் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம் ஓடுவது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கேட்டு வருபவர்களால். டிவி ரிமோட், அடாப்டர், எமர்ஜென்சி லைட் பேட்டரி. டவுன்ஹால் பக்கத்திலிருந்தும் கவுண்டம்பாளையத்திலிருந்தும் வரும் மெக்கானிக்குகள், சின்னப் பட்டறைக்காரர்கள். எந்திரம் நின்றுபோனவருக்கு ஒரு ஐ.சி. இன்றைக்கே வேண்டும், இணையத்தில் போட்டால் நாலு நாள். ரிப்பேர் இந்த ஊரில் இன்னும் தொழிலாக இருப்பதால் இழுப்பறைகளும் இருக்கின்றன. ரேடியோ ஷேக் இழந்தது இந்த ஒன்பது மாதத்தைத்தான். பாகங்களைப் பொழுதுபோக்குக்கு வாங்குகிறவன் மட்டும் மிஞ்சினான். பிழைப்புக்கு வாங்குகிறவன் போய்விட்டான்.

அந்த ஒன்பது மாதம் இங்கேயும் குறைந்துகொண்டு வருகிறது. புது வகை ஃபேன்களில் மோட்டாரே வேறு. தனியாகக் கெப்பாசிட்டர் மாற்றும் வேலை இல்லை. பலகை போனால் பலகையோடு மாற்று என்கிறார்கள். புராஜெக்ட்டையே முழுசாகச் செய்து, அறிக்கையும் அச்சடித்து, இவ்வளவு ரூபாய் என்று விற்கும் இடங்களும் அதே காந்திபுரத்தில் இருக்கின்றன. அங்கே யாரும் டிரான்சிஸ்டர் எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் கெடும்.

இந்த உதிரிபாகக் கடைகள் மூடினால் திவால் நீதிமன்றம் வராது. பெயரை ஏலம் எடுக்க டெக்சஸிலிருந்தோ மும்பையிலிருந்தோ யாரும் வர மாட்டார்கள். பாதிக் கடைகளின் பெயர் முருகன், இல்லாவிட்டால் அம்மன். அதை வாங்கி என்ன செய்வது? அங்கே விலைமதிப்பு உள்ளது கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. எந்தப் பாகத்துக்கு எது மாற்று, எந்த ஸ்டார்ட்டரில் எது முதலில் போகும், எந்த மாணவனுக்கு எதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம். அதற்குக் கேட்டலாக் கிடையாது, பிராண்ட் உரிமமும் கிடையாது. மாற்றிக் கொடுக்க ஒரே வழி, பக்கத்தில் ஒருவர் சில வருஷம் நின்று கற்றுக்கொள்வது. மகனோ மகளோ ஐ.டி. வேலைக்குப் போய்விட்ட கடைகளில் அப்படி நிற்பதற்கு ஆள் இல்லை.

எல் சால்வடோர் கடைகள் பிழைத்ததற்கு ஏக்கம் காரணம் இல்லை. அந்த ஊரில் அந்தக் கடைக்கு அன்றாடம் வேலை இருந்தது. நம் கையில் இருப்பதும் அவ்வளவுதான். வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் புது ஃபேன் தேடும் முன் கெப்பாசிட்டரைப் பார்க்கலாம். பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அவரே எடுத்துக் கொடுப்பார். எப்படி மாட்டுவது என்றும் சொல்வார்.